படித்தீர்களா?

ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தை வழிகாட்டியிடம் கொடுத்துவிட்டுப் பத்து நாள் காத்திருந்தேன். திரும்பி வந்த தாள்களில் பெரிய திருத்தம் எதுவும் இல்லை. ஒற்றுப்பிழை இரண்டு, மூச்சுவாங்கும் ஒரு நீள வாக்கியத்துக்கு அடியில் நெளிகோடு, அப்புறம் பதினோராம் பக்கத்தில் 'ஹாம்ப்ளின், 1981' என்று நான் போட்டிருந்த மேற்கோளைச் சுற்றிப் பென்சிலில் ஒரு வட்டம். பக்கத்தில் ஒரே சொல்: படித்தீர்களா?

படிக்கவில்லை. அதை எனக்கு நானே ஒப்புக்கொள்ள இரண்டு வாரம் ஆனது. முதலில் கோபம்தான் வந்தது. 43 ஆதாரங்கள் உள்ள பட்டியலில் இந்த ஒன்றை மட்டும் எப்படிப் பிடித்தார்? பிறகுதான் உறைத்தது, அவர் எதையும் பிடிக்கவில்லை. ஏதோ ஒன்றின் மேல் பென்சிலை வைத்திருக்கிறார், அவ்வளவுதான். எதன் மேல் வைத்திருந்தாலும் பாதிக்குப் பாதி மாட்டியிருப்பேன்.

அந்த மேற்கோள் தாங்கிக்கொண்டிருந்த கதை உங்களுக்கும் தெரிந்ததாகவே இருக்கும். பாலக்கீரையில் இரும்புச்சத்து கொட்டிக் கிடக்கிறது என்று உலகம் பல பத்தாண்டுகள் நம்பியதாம். காரணம், பழைய ஆய்வு ஒன்றில் தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளி விழுந்து, எண் பத்து மடங்காகிவிட்டதாம். 1930-களில் ஜெர்மன் வேதியியலாளர்கள் மறுபடி அளந்து பிழையைக் கண்டுபிடித்தார்களாம். அதற்குள் பாப்பாய் கீரை டப்பாவைத் திறந்துவிட்டான். என் ஆய்வேடோ, தவறான தகவல் கல்விப்புலத்துக்குள் எப்படிப் பரவுகிறது என்பதைப் பற்றியது. ஒரு புள்ளி, ஒரு கீரை, ஒரு கார்ட்டூன் மாலுமி. தொடங்குவதற்கு இதைவிட வாகான கதை கிடைக்குமா? கிடைத்த சந்தோஷத்தில் அதை எங்கிருந்து எடுத்தேன் என்பதே மறந்துபோயிருந்தது.

ஒரே கிணறு, ஆறு வாளி

எங்கிருந்து எடுத்தேன் என்றால், வேறொருவர் கட்டுரையிலிருந்து. அவர் ஹாம்ப்ளினைக் காட்டியிருந்தார். நான் அவரைக் காட்டாமல், அவர் கைகாட்டிய ஹாம்ப்ளினை நேரே காட்டிவிட்டேன். படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் செய்வதுதான். இடையில் நிற்பவரைச் சொன்னால் ஏதோ இரவல் சட்டை போட்டதுபோல இருக்கும். மூலத்தைச் சொன்னால் நாமே போய்ப் பார்த்த மாதிரி ஒரு மிடுக்கு வந்துவிடுகிறது. இதைப் பொய் என்று அப்போது நான் நினைக்கவில்லை. இப்போதும் முழுப் பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தத் தயக்கம்தான் என்னை இதை எழுத வைக்கிறது.

வழிகாட்டியிடம் சொல்வதற்கு ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். 'ஆறு கட்டுரைகள் இதையே சொல்கின்றன, ஆறுமே ஆய்விதழ்களில் வந்தவை.' சொல்லிப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அந்த ஆறையும் எடுத்து வரிசையாக வைத்து, ஒவ்வொன்றும் யாரைக் காட்டுகிறது என்று பார்த்தேன். நான்கு நேராக ஹாம்ப்ளினிடம் போயின. மற்ற இரண்டும் அந்த நான்கில் ஒன்றிடம் போயின. ஆறு சாட்சிகள் என்று நினைத்திருந்தேன். ஒரே கிணற்றில் இறங்கிய ஆறு வாளிகள். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நூலகத்தைப் பற்றி அதுவரை எனக்கிருந்த அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம்தான் இணையத்தில் கிடைக்கிறதே! நூலகம் என்பது அமைதியாக உட்கார ஒரு மேசை, சார்ஜ் போட ஒரு பிளக். ரெஃபரன்ஸ் மேசையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்று தெரியும். கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்பதைத் தவிர அவரிடம் நான் எதையும் கேட்டதில்லை.

பக்கம் 1617

அவரிடம்தான் போய் நின்றேன். தொகுதி எண், ஆண்டு, பக்க எண் எல்லாம் எழுதிய துண்டுச்சீட்டை நீட்டினேன். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், தொகுதி 283, 1981, பக்கம் 1617. வாங்கிப் பார்த்துவிட்டு, "படிக்கிறதுக்கா, இல்ல ஏற்கெனவே மேற்கோள் காட்டியாச்சா தம்பி?" என்றார். முகம் போன போக்கில் பதில் தெரிந்திருக்க வேண்டும். "பரவாயில்ல, இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் அப்படித்தான் வர்றாங்க" என்று எழுந்தார்.

பழைய இதழ்களைப் பைண்ட் செய்து அடுக்கியிருக்கும் தளம் அது. முதுகில் தங்க எழுத்தில் தொகுதி எண், அதற்குக் கீழே ஆண்டு. 283-ஐ இரண்டு கையாலும்தான் இறக்க முடிந்தது. 1617-ஆம் பக்கத்தைத் திருப்பினால் சம்பந்தமே இல்லாத வேறு ஏதோ. முன்னால் ஐந்து பக்கம், பின்னால் ஐந்து பக்கம் புரட்டினேன். கீரையும் இல்லை, ஹாம்ப்ளினும் இல்லை. நூலகர் என் கையிலிருந்து தொகுதியை வாங்கவில்லை. "ஆசிரியர் பெயரை வெச்சுத் தேடுங்க. எண்ணை நம்பாதீங்க, எண்ணைத்தான் எல்லாரும் தப்பா எழுதுவாங்க" என்றார். கட்டுரை 1671-ஆம் பக்கத்தில் இருந்தது. இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன.

நான் தட்டச்சில் செய்த பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். மடிக்கணினியைத் திறந்து, நான் பார்த்து எழுதிய அந்தக் கட்டுரையின் ஆதாரப் பட்டியலுக்குப் போனேன். அங்கேயும் 1617. அவருடைய பிழையை அப்படியே தூக்கி வந்திருக்கிறேன். கையும் களவுமாகப் பிடிபடுவது என்றால் இதுதான், அதுவும் என் கையாலேயே. நூலகர் சிரித்துவிட்டு, இதையே அளவுகோலாக வைத்து ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்றார். சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர். 1973-இல் வந்த பிரபலமான இயற்பியல் கட்டுரை ஒன்றுக்கு வந்திருந்த சுமார் 4,300 மேற்கோள்களை எடுத்துப் பார்த்தார்கள். 196-இல் அச்சுப்பிழை. ஆனால் வெவ்வேறு பிழைகள் என்று பார்த்தால் 45 மட்டும்தான். ஒரே பிழை 78 தடவை திரும்பத் திரும்ப வந்திருந்தது. 78 பேர் தனித்தனியாக அதே எண்ணைத் தவறாக அடித்திருக்க முடியாது அல்லவா? பார்த்து எழுதியிருக்கிறார்கள். மேற்கோள் காட்டுபவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படிக்கிறார் என்பது 2003-இல் அவர்கள் வந்து சேர்ந்த மதிப்பீடு. அந்த ஐந்தில் நான் எந்த நான்கில் இருந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

நின்றபடியே ஹாம்ப்ளினைப் படித்தேன். கட்டுரைக்குத் தலைப்பு ஒரே சொல், 'போலி!' என்று. டிசம்பர் 19–26 தேதியிட்ட, கிறிஸ்துமஸ் நேரத்து இதழ். ஹாம்ப்ளின் இரத்தவியல் மருத்துவர். அறிவியலில் நடந்த மோசடிகளையும் பிழைகளையும் அரட்டைத் தொனியில் சொல்லிக்கொண்டு போகிறார். கீரைக் கதை அதில் சில வரிகள்தான், போகிற போக்கில் வந்துவிட்டுப் போகிறது. ஜெர்மன் வேதியியலாளர்கள் யார், எந்த இதழில் எழுதினார்கள், தசமப் புள்ளி எந்த அட்டவணையில் தள்ளி விழுந்தது என்று அந்த வரிகளுக்கு எந்த ஆதாரமும் இல்லை. இரண்டு தடவை படித்துவிட்டுப் பக்கத்தின் அடியில் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தேன். கிணறு வறண்டிருந்தது.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நூலகத்துக்கு நான் அளவுக்கு மீறிப் பூமாலை போடுவதாக ஆகிவிடும். அந்த இதழின் பழைய தொகுதிகள் ஸ்கேன் செய்யப்பட்டு, பப்மெட் சென்ட்ரல் என்ற இணையக் காப்பகத்தில் யாரும் இலவசமாகப் படிக்கும்படி கிடக்கின்றன. வீட்டில் உட்கார்ந்தபடியே ஹாம்ப்ளினை நான் பார்த்திருக்கலாம். பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. ஆறு கட்டுரைகளை இறக்கி வைத்திருந்த எனக்கு ஏழாவதை இறக்கத் தோன்றவில்லை, ஏனென்றால் தேடுபெட்டி என்னிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. கேட்டதற்கு மேலேயே பதில் கொடுத்துவிட்டது. 'படிக்கிறதுக்கா, மேற்கோள் காட்டியாச்சா' என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

முன்னால் போகும் வழி

தொகுதியைத் திரும்ப வைத்தபோது எனக்கு உள்ளூர ஒரு குதூகலம். தசமப் புள்ளிக் கதைக்கே ஆதாரம் இல்லை என்பதை நான் கண்டுபிடித்துவிட்டேன்! அத்தியாயம் என்ன, தனிக் கட்டுரையே எழுதலாம். அதை நூலகரிடம் சொன்னபோது அவர் முகத்தில் பெரிய அசைவு எதுவும் இல்லை. "பின்னால போய்ப் பார்த்தாச்சு. முன்னால போய்ப் பார்க்கலாமா?" என்று தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்றை இழுத்துப் போட்டார்.

ஒரு கட்டுரையின் ஆதாரப் பட்டியல் நம்மைப் பின்னோக்கித்தான் கூட்டிப் போகும், அது எழுதப்பட்ட நாளுக்கு முந்தையவற்றிடம். அதற்குப் பிறகு யார் அதைப் படித்தார்கள், யார் ஏற்றார்கள், யார் மறுத்தார்கள் என்பது அந்தக் கட்டுரையிலேயே இருக்க வழியில்லை. அமெரிக்க வழக்கறிஞர்களுக்கு மட்டும் இது பழைய வித்தை. ஒரு தீர்ப்பைப் பிற்காலத் தீர்ப்புகள் நிலைநிறுத்தினவா கவிழ்த்தனவா என்று பார்க்கும் ஷெப்பர்டின் அட்டவணைகள் 1873 முதல் அவர்களிடம் இருந்தன. யூஜின் கார்ஃபீல்டு அந்த யோசனையை அறிவியலுக்குக் கொண்டுவரலாம் என்று 1955-இல் எழுதினார்; 1964-இல் அவருடைய அறிவியல் மேற்கோள் அட்டவணை வெளிவந்தது. இன்று ஒரு சொடுக்கில் கிடைக்கிற 'இதை மேற்கோள் காட்டியவை' என்ற இணைப்புக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. அந்த இணைப்பை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். பக்கத்தில் உள்ள எண் பெரிதா சிறிதா என்று மட்டும் பார்ப்பேன், உள்ளே போனதில்லை.

நூலகர் உள்ளே போனார். அதற்கு முன் நான் எப்படித் தேடினேன் என்று காட்டச் சொன்னார். 'கீரையில் இரும்புச்சத்து தசமப் புள்ளிப் பிழை உண்மையா' என்பதை ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியமாகவே அடித்து வைத்திருந்தேன். கேள்வியை அவர் மூன்று துண்டாக உடைத்தார். கீரை ஒன்று, இரும்பு ஒன்று, பிழை அல்லது கட்டுக்கதை ஒன்று. ஒவ்வொரு துண்டுக்கும் மாற்றுச் சொற்களை 'ஆர்' (இதில் ஏதாவது ஒன்று) போட்டு அடைப்புக்குறிக்குள் அடுக்கி, துண்டுகளை 'ஆண்ட்' (எல்லாமும்) போட்டுச் சேர்த்தார். அப்புறம் மருத்துவத் தரவுத்தளத்துக்குப் போய், கீரையைக் கீரை என்று தேடாமல் 'ஸ்பினேசியா ஒலரேசியா' என்ற தலைப்பின் கீழ் தேடினார். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் இப்படி ஒரு பொருள்தலைப்புப் பட்டியலைப் பராமரித்து வருகிறது. கட்டுரை எழுதியவர் மாரடைப்பு என்று எழுதினாலும் இதயத் தாக்கு என்று எழுதினாலும் அது போய் விழுகிற பெட்டி ஒன்றே, 'மையோகார்டியல் இன்ஃபார்க்ஷன்'. சொல்லைத் தேடினால் நம் சொல்லைப் பயன்படுத்தியவர்கள் மட்டும்தான் கிடைப்பார்கள். தலைப்பைப் பிடித்தால், அதே விஷயத்தை வேறு சொல்லில் எழுதியவர்களும் வந்து நிற்பார்கள். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது. அதை மனப்பாடமாகத் தேர்வில் எழுதுபவர்கள் உண்டு. என் நேரம் சேமிக்கப்படுவதைப் பக்கத்து நாற்காலியில் இருந்து அன்றுதான் பார்த்தேன்.

இருபது நிமிடத்தில் 2014-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று திரையில் வந்தது. எழுதியவர் ஓலே பியோர்ன் ரெக்டால், நார்வேயைச் சேர்ந்த மானுடவியலாளர். மூலத்தைப் படிக்காமலே மேற்கோளைக் கைமாற்றிவிடும் கல்விப்புலப் பழக்கத்தைப் பற்றியது. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம், கீரையும் தசமப் புள்ளியும். அவருக்கும் முன்னால் 2010-இலேயே மைக் சட்டன் என்ற குற்றவியலாளர் இந்தக் கதையின் பின்னாலேயே அலைந்து, ஹாம்ப்ளினையே கேட்டுப் பார்த்திருக்கிறார். அந்தக் கதையை எங்கிருந்து எடுத்தோம் என்று ஹாம்ப்ளினாலும் சொல்ல முடியவில்லை. பாப்பாய்கூட 1932-இல் வந்த ஒரு படக்கதைப் பட்டையில் கீரையை வைட்டமின் ஏ-வுக்காகத்தான் தின்கிறானாம்.

ஆகக்கூடி, தவறான தகவல் எப்படிப் பரவுகிறது என்று விளக்க நான் எடுத்த உதாரணம், தானே தவறான தகவலாகப் பரவிய ஒன்று. அதை அம்பலப்படுத்தும் வாய்ப்பும் எனக்கில்லை. ஏற்கெனவே இருவர் செய்து முடித்துவிட்டார்கள். என் அத்தியாயத்தைப் போன்றவற்றைப் பற்றித்தான் அந்தக் கட்டுரையே எழுதப்பட்டிருக்கிறது. நான் ஆய்வாளனாக அந்தக் கதைக்குள் நுழையவில்லை, சான்றாக நுழைந்திருக்கிறேன். நூலகர் அந்தப் பக்கத்தை அச்சிட அனுப்பிவிட்டு வேறு யாரோ நீட்டிய சீட்டை வாங்கிக்கொண்டார்.

கீரையில் முடிந்தது என் அதிர்ஷ்டம்

கீரையால் யாருக்கும் பெரிய கேடு வந்துவிடவில்லை. நூறு கிராம் பச்சைப் பாலக்கீரையில் சுமார் 2.7 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதிலும் உடம்பில் ஒட்டுவது கொஞ்சம்தான். அதைப் பத்து மடங்கு என்று நம்பியவர்கள் கூடுதலாகக் கொஞ்சம் கீரை தின்றிருப்பார்கள், போகட்டும். ஆனால் இதே பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்க்க, அடுத்த வாரம் வேறொரு மூலத்தைத் தேடிப் படித்தேன். 1980 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஒரு வாசகர் கடிதம். மொத்தம் ஐந்தே வாக்கியம். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, அபின் வகை வலிநிவாரணி கொடுக்கப்பட்ட 11,882 நோயாளிகளில், முன்பு அடிமைப் பழக்கம் இல்லாதிருந்து புதிதாக அடிமையானவர்கள் நான்கு பேர்தான் என்று அது சொல்கிறது. மருத்துவமனைப் படுக்கையில், கண்காணிப்பில் இருந்தவர்களைப் பற்றிய குறிப்பு. வீட்டுக்குச் சீட்டெழுதி அனுப்பி, மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

2017-இல் அதே இதழில் ஒரு குழு அந்தக் கடிதத்துக்கு வந்த மேற்கோள்களை எண்ணிப் பார்த்தது. 608. அவற்றில் 439, அபின் வகை மருந்தால் அடிமையாவது அரிது என்பதற்குச் சான்றாக அதைக் காட்டியிருந்தன. 491, அது மருத்துவமனையில் இருந்தவர்களைப் பற்றியது என்பதைச் சொல்லவே இல்லை. வட அமெரிக்காவில் அந்த மாத்திரைகள் எத்தனை உயிரைக் குடித்தன என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சாவுகளுக்கு ஐந்து வாக்கியம் மட்டுமே காரணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த ஐந்து வாக்கியத்தைப் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் நேரம் பார்த்துப் படித்தேன். அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்காத நூற்றுக்கணக்கானவர்களை நினைத்தபோது எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. 1617 என்று தப்பாக எழுதியவன் யாரைக் கோபிப்பது?

இதற்கு அடுத்த கட்டமும் இருக்கிறது; அங்கே படிப்பதற்கு மூலமே கிடையாது. ஒரு பெரிய பதிப்பகம் ஆதாரத்தை எந்த வடிவில் எழுத வேண்டும் என்று காட்டுவதற்காக மாதிரிக்கு வைத்த ஓர் இல்லாத கட்டுரை, 2000-ஆம் ஆண்டு தேதியோடு, கிட்டத்தட்ட 400 மேற்கோள் வாங்கியிருந்தது. மாதிரியை அழிக்க மறந்தவர்களின் புண்ணியம். இப்போது செயற்கை நுண்ணறிவு அரட்டைப் பெட்டிகள் ஆசிரியர், இதழ், தொகுதி, பக்கம் எல்லாம் பொருந்த இல்லாத கட்டுரைகளை உற்பத்தி செய்து தருகின்றன. அப்படிப்பட்ட சீட்டுகளை நீட்டிக்கொண்டு இப்போதெல்லாம் மாணவர்கள் வருவதாக நூலகர் சொன்னார். கிடைக்கவில்லை என்றால், நூலகத்தில்தான் குறை என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்களாம்.

நூலகத்தில் குறை இல்லாமலும் இல்லை. ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் ஒரு முகம், ஒரு கடவுச்சொல், ஒரு தனி இலக்கணம். நட்சத்திரக் குறி ஒன்றில் வேலை செய்யும், இன்னொன்றில் வேறு பொருள் தரும். நடுவில் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் வெளியே தள்ளியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் தேடலாம் என்று முகப்பில் ஒன்றை வைத்திருக்கிறார்கள். கடைத்தெருத் தேடுபொறியைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட பூனை அது. சந்தா கட்டாத இதழ் என்றால் வேறு நூலகத்துக்கு எழுதி வரவழைக்க வேண்டும், சில நாள் ஆகும். முன்பெல்லாம் அந்த நாள்களை நான் இழப்பாகத்தான் கணக்குப் போடுவேன். இப்போது, ஒரு கட்டுரைக்காக மூன்று நாள் காத்திருக்க மனம் வரவில்லை என்றால், அது என் வாதத்துக்கு உண்மையிலேயே தேவைதானா என்று யோசிக்கிறேன். பலவற்றை அப்படியே விட்டுவிட்டேன்.

அத்தியாயத்தைத் திருத்திக் கொடுக்க ஒன்றரை மாதம் ஆனது. கீரைக் கதை இன்னும் இருக்கிறது, ஆனால் தலைகீழாக. முதலில் ரெக்டால், அவர் வழியே ஹாம்ப்ளின், கடைசியில் பாப்பாய். ஆதாரப் பட்டியலைத் தாளில் அச்சிட்டு, முழுதாகப் படித்தவற்றுக்கு எதிரே டிக் போட்டேன். முதல் நாள் 43-இல் 19 டிக். படிக்காதவற்றில் சிலவற்றைப் படித்தேன், பலவற்றை நீக்கினேன். இப்போது பட்டியலில் 26, எதிரே 25 டிக். மீதமிருப்பது கார்ஃபீல்டு எழுதிய 1955-ஆம் ஆண்டுக் கட்டுரை. அவரைப் பற்றி மேலே எழுதியதெல்லாம் நூலகர் சொல்லக் கேட்டதுதான். சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். காலையில் கதவு திறக்கும்போது போய்விட வேண்டும்.